பீட்டில் எஞ்சினுக்கு எந்த பிரீதர் சரி?

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் கழற்றிப் போடும் சாமான்களில் ஒன்று, ஆயில் ஊற்றும் குழாயிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் கறுப்பு ரப்பர் ஹோஸ். அந்த இடத்தில் பளபளப்பான ஒரு குட்டி ஃபில்டர் உட்காரும், அல்லது மூன்று ஹோஸ்கள் சேரும் அலுமினியப் பெட்டி வரும். இன்னும் சிலர் தண்ணீரால் குளிரும் கார்களில் இருப்பதுபோல் பி.சி.வி. வால்வு ஒன்றை இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டுகிறார்கள். கம்பெனி கொடுத்தது சிக்கனத்துக்காகச் செய்த அரைகுறை வேலை, அதை மேம்படுத்தியாக வேண்டும் என்பது இவர்கள் எல்லோருக்கும் பொதுவான நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு கார்புரேட்டருடன் வந்த 1584 சி.சி. எஞ்சினையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். பீட்டில்களில் அதிகம் பழகியது அதுதான்.

முதலில் பிரீதர் வெளியேற்ற வேண்டிய சரக்கு என்ன, எவ்வளவு என்று பார்ப்போம். எவ்வளவு நல்ல ரிங் போட்டாலும், எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக நழுவிக் கிராங்க்கேஸுக்குள் இறங்கும். நம் ஊர் மெக்கானிக்குகள் இதைத்தான் ‘பேக் கம்ப்ரஷன்’ என்கிறார்கள். 1584 சி.சி. எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றில் ஓடினால், முழு த்ராட்டிலில் அது விழுங்கக்கூடிய காற்று அதிகபட்சம் 3168 லிட்டர். அதில் நூற்றில் ஒரு பங்கு கீழே நழுவினாலே நிமிடத்துக்கு 30 லிட்டருக்கு மேல் ஆகிவிடும். இந்த வாயுவில் எரியாத பெட்ரோல், கார்பன் மோனாக்சைடு, நீராவி, அமிலமாக மாறக்கூடிய சேர்மங்கள் எல்லாம் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், நீராவியை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது புரியும். காற்றால் குளிரும் எஞ்சினில் கசிவு சற்றுக் கூடுதலாகவே இருக்கும். வார்ப்பிரும்புச் சிலிண்டர்கள் நான்கும் தனித்தனியாகச் சூடாகி விரிகின்றன. தண்ணீர் சூழ்ந்த எஞ்சினில் இருப்பதுபோல் ஒரே சீரான வெப்பம் அவற்றுக்குக் கிடைக்காது. அதனால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையில் கொஞ்சம் தாராளமாகவே இடைவெளி விட வேண்டியிருக்கிறது.

இந்த வாயு போகும் வழியைத் தீர்மானிப்பதில் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு பாகம் இருக்கிறது: கிராங்க்‌ஷாஃப்ட் புல்லி. பீட்டில் எஞ்சினில் ஃப்ளைவீல் பக்கம் முறையான ஆயில் சீல் உண்டு. புல்லி பக்கம் சீலே கிடையாது. புல்லியைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தால், அதன் கழுத்தில் ஸ்க்ரூ மரைபோல ஒரு சுருள் பள்ளம் வெட்டியிருப்பது தெரியும். கழுத்து கேஸின் துளைக்குள் எதையும் தொடாமல் சுழல்கிறது. உள்ளே ஒரு தட்டு ஆயிலை வீசி எறிகிறது, அதையும் தாண்டி வரும் ஆயிலை மரை திருப்பி உள்ளே தள்ளுகிறது. தேய்வதற்கு எதுவும் இல்லாத அருமையான ஏற்பாடு இது. ஆனால் அந்த இடத்தில் மெல்லிய இடைவெளி எப்போதும் திறந்தே இருக்கிறது. கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினால் மரையை மீறி ஆயில் வெளியே வரும், பின்பக்கத் தகடெல்லாம் ஆயிலாகும். உள்ளே இழுவை அதிகமானால் அதே இடைவெளி வழியாக வெளிக்காற்று தூசியோடு நுழையும். மணல்மேட்டில் ஓட்டுகிற பக்கி வண்டிக்காரர்கள் கேஸைக் குடைந்து அங்கே தனியாக சீல் போடுவது இந்தத் தூசிக்குப் பயந்துதான்.

ஆகவே இந்த எஞ்சினின் தேவை மிகக் குறுகியது. கிராங்க்கேஸின் உள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மிக அருகில், கொஞ்சம் கீழே மட்டும் நிற்க வேண்டும். எந்த பிரீதர் ஏற்பாட்டையும் எடைபோட நான் வைக்கும் முதல் அளவுகோல் இது.

தொடக்ககால பீட்டில்களில் ஒரு குழாய் கீழே இறங்கித் தரையைப் பார்த்துத் திறந்திருக்கும். வண்டி ஓடும்போது குழாயின் நுனியைக் கடக்கும் காற்று உள்ளே இருக்கும் வாயுவை இழுத்துப் போகும் என்பது கணக்கு. சிக்னலில் நிற்கும்போது இழுவை இல்லை. பின்னால் எஞ்சின் உள்ள காரில் அந்த இடத்துக் காற்றோட்டம் கலங்கலானது, தூசியும் சேறும் பறக்கும் இடம் வேறு. அந்தக் காலத்தில் பெரும்பாலான கார்கள் இப்படித்தான் புகையைத் தெருவில் விட்டன. கட்டுப்பாடு எதுவும் இல்லாத காரிலிருந்து வரும் ஹைட்ரோகார்பனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிராங்க்கேஸ் வழியாகவே வந்தது என்பது தெரிந்த பிறகு, லாஸ் ஏஞ்சலிஸின் புகைமூட்டத்தோடு போராடிய கலிபோர்னியா 1961இல் முதலில் கைவைத்தது இந்தக் குழாய் மீதுதான். 1968 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதும் கிராங்க்கேஸ் வாயுவை வெளியே விடத் தடை வந்தது. தெருவில் நடக்கிறவர்களின் நுரையீரலை ஒரு பொருட்டாக நினைக்கிற எவரும் திறந்த குழாயைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது.

பி.சி.வி. வால்வு விஷயத்தில் நிதானமாகப் பேச வேண்டும், அதற்கு நல்ல வாதங்கள் இருக்கின்றன. இன்டேக் மேனிஃபோல்டின் வலுவான இழுவையைக் கொண்டு கிராங்க்கேஸை உறிஞ்சுகிறது, இன்னொரு பக்கத்திலிருந்து ஏர் கிளீனரில் வடிகட்டிய புதுக்காற்றை உள்ளே விடுகிறது. நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து ஊறுவதற்கு முன்பே அடித்துச் செல்லப்படுகின்றன. காற்றோட்டம் என்று முழு அர்த்தத்தில் சொல்லத்தக்கது இது ஒன்றுதான். தண்ணீரால் குளிரும் எஞ்சின்களில் ஆயிலின் ஆயுளை இது கண்கூடாக நீட்டியிருக்கிறது. அப்படிப்பட்ட சாதனம் பீட்டிலுக்கு மட்டும் ஆகாது என்றால் காரணம் சொல்லியாக வேண்டும்.

மேனிஃபோல்டு இழுவை எப்போது அதிகம் என்று பாருங்கள். ஐடிலில், த்ராட்டில் மூடியிருக்கும்போது. அப்போது பேக் கம்ப்ரஷன் மிகக் குறைவு. மலையேற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் மேனிஃபோல்டு இழுவை ஏறக்குறைய பூஜ்யம், ரிங் தாண்டி வரும் வாயுவோ உச்சத்தில் இருக்கும். வெளியேற்றம் மிகத் தேவைப்படும் நேரத்தில் வால்வு வழியாக எதுவும் போவதில்லை. மிஞ்சும் வாயு, புதுக்காற்று வரவேண்டிய ஹோஸில் தலைகீழாகத் திரும்பி ஏர் கிளீனருக்குத்தான் போய்ச் சேர்கிறது. அதாவது முழுச்சுமையில் பி.சி.வி. செய்யும் வேலையும் பீட்டிலின் பழைய ரப்பர் ஹோஸ் செய்யும் வேலையும் ஒன்றே. ஐடிலிலோ அந்த வலுவான இழுவை, சீல் இல்லாத புல்லி இடைவெளியைத் தேடி வரும். வால்வின் ஸ்பிரிங் நன்றாக இருந்து, புதுக்காற்று ஹோஸும் அடைப்பில்லாமல் இருந்தால் பாதிப்பு சிறிது. ஆயில் பிசுக்கில் அது அடைத்துக்கொண்டால், வடிகட்டாத தூசிக்காற்று நேராக கிராங்க் பேரிங் பக்கம் வரும். இந்த எஞ்சினில் கம்பெனி போட்டது ஆயில் ஃபில்டர் அல்ல, வெறும் கம்பிவலைச் சல்லடை. உள்ளே போன மண்ணை அது பிடிக்காது.

இன்னொரு சிக்கல் கார்புரேட்டருக்கு. சோலெக்ஸ் கார்புரேட்டர் தன் வெஞ்சுரி வழியாகப் போகும் காற்றை மட்டுமே அளந்து பெட்ரோல் கொடுக்கும். அதற்குக் கீழே மேனிஃபோல்டில் நுழையும் காற்று அதன் கணக்கில் வராது. ஐடிலில் இந்த எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். அதில் கணிசமான பங்கு பின்வாசலால் வந்தால் கலவை மெலிந்துபோகும். பி.சி.வி.யோடு பிறந்த எஞ்சின்களில் கார்புரேட்டரின் ஜெட்டுகளை அந்தக் காற்றையும் கணக்கில் எடுத்தே தேர்ந்திருப்பார்கள். இங்கே அப்படிச் செய்யவில்லை. மெலிந்த கலவை ஹெட்டைச் சூடாக்கும், காற்றால் குளிரும் எஞ்சினில் ஹெட் சூடு விளையாட்டில்லை. இரட்டைக் கார்புரேட்டர் போட்ட எஞ்சினில் நிலைமை இன்னும் மோசம். ஒரு பக்க மேனிஃபோல்டில் மட்டும் வால்வைக் குத்தினால் அந்தப் பக்கத்துச் சிலிண்டர்கள் மட்டும் மெலியும், இரண்டு கார்புரேட்டரையும் என்ன டியூன் செய்தாலும் ஒத்துப்போகாது.

இப்போது அந்த ரப்பர் ஹோஸைப் பார்ப்போம். ஏர் கிளீனருக்குள்ளும் இழுவை இருக்கிறது, ஆனால் மிக மென்மையானது. தண்ணீர் நிரப்பிய குழாயில் அளந்தால் சில சென்டிமீட்டர் ஏறும், அவ்வளவுதான். முக்கியமான விஷயம், அந்த இழுவை எஞ்சின் விழுங்கும் காற்றின் அளவோடு சேர்ந்து ஏறுகிறது. ஐடிலில் இல்லை என்றே சொல்லலாம். முழு த்ராட்டிலில், வேகமான ஓட்டத்தில் அது உச்சம். பேக் கம்ப்ரஷனும் அதே போக்கில்தான் ஏறுகிறது. தேவை கூடும்போது இழுவை கூடுகிறது, குறையும்போது குறைகிறது, நடுவில் வால்வோ ஸ்பிரிங்கோ கிடையாது. வாயு கார்புரேட்டருக்கு மேலேயே நுழைவதால் வெஞ்சுரியைக் கடந்துதான் போக வேண்டும், கலவைக் கணக்கு குலையாது. புல்லி இடைவெளியில் தூசி இழுக்கும் அளவுக்கு வலுவும் இல்லை. நான் வைத்த அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமானதை இந்த எஞ்சினுக்குச் செய்திருக்க முடியாது. சிக்கனத்தில் பிறந்த அரைகுறை என்ற குற்றச்சாட்டு இங்கே நிற்கவில்லை.

திறந்த குட்டி ஃபில்டர் மாட்டுகிறவர்கள்மேல்தான் எனக்கு உண்மையான கோபம். அந்த ஃபில்டரிலிருந்து கசியும் புகை எங்கே போகிறது? பீட்டிலின் குளிரூட்டும் விசிறி, பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள இடைவெளிகள் வழியாக எஞ்சின் அறைக்குள் வரும் காற்றைத்தான் உறிஞ்சுகிறது. ஆயில் ஆவி அந்தக் காற்றோடு விசிறிக்குள் போய் ஆயில் கூலரிலும் சிலிண்டர் ஃபின்களிலும் படிகிறது. அதன்மேல் தூசி ஒட்டுகிறது, நாளடைவில் ஃபின்களுக்கு இடையில் கம்பளம் விரித்ததுபோல் ஒரு படலம் உட்கார்ந்து எஞ்சினின் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. தகடுகளைக் கழற்றாமல் இதைப் பார்க்கவே முடியாது, அதனால் பலருக்குத் தெரிவதும் இல்லை. அதைவிட மோசம், கார் உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நடப்பது. பீட்டிலின் ஹீட்டருக்குத் தனி ரேடியேட்டர் கிடையாது. அதே விசிறி தள்ளும் காற்றுதான் எக்ஸாஸ்டைச் சுற்றியுள்ள உறைகளில் சூடாகி, பாடியின் பக்கவாட்டுக் குழாய்கள் வழியாகப் பயணிகள் காலடிக்கு வருகிறது. எஞ்சின் அறையில் விட்ட கிராங்க்கேஸ் வாயு, கார்பன் மோனாக்சைடு உட்பட, குளிர்நாட்டில் ஜன்னலை மூடிக்கொண்டு போகும் குடும்பத்தின் மூச்சில் கலக்கிறது. பின் சீட்டில் குழந்தை இருக்கலாம். தண்ணீரால் குளிரும் காரில் இதே திறந்த ஃபில்டர் அசுத்தமான பழக்கம், பீட்டிலில் அது ஆபத்து. அழகுக்காக மாட்டியிருந்தால் இன்றே கழற்ற வேண்டும்.

அலுமினியப் பெட்டிக்கு இதே அளவு கண்டனம் நியாயமில்லை. பந்தய எஞ்சின்களில், 6000 சுற்றுக்கு மேல் தொடர்ந்து ஓடுகிறவற்றில், கசிவு வாயு பெரிதும் கூடும். பீட்டில் எஞ்சினின் உள்ளமைப்பு இதில் ஒரு பங்கு வகிக்கிறது. எதிரெதிரே உள்ள 1, 3 சிலிண்டர் பிஸ்டன்கள் வெளியே போகும்போது 2, 4 பிஸ்டன்கள் உள்ளே வருகின்றன. மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய மாறுவதில்லை, ஆனால் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் 792 சி.சி. அளவு வாயு, நடு பேரிங் சுவரைத் தாண்டி முன்னறைக்கும் பின்னறைக்கும் மாறி மாறி ஓட வேண்டியிருக்கிறது. 6000 சுற்றில் இது விநாடிக்கு 200 முறை. அந்தச் சூறாவளியில் ஆயில் பனிபோலப் பறக்கும், வெளியேறும் வாயு அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போகும். வாயுவின் வேகத்தைக் குறைத்து ஆயிலைக் கீழே விழவிடப் பெரிய பெட்டி வேண்டும் என்பது பந்தயத்தில் நேர்மையான தேவைதான்.

சாதாரண எஞ்சினில் அதே பெட்டியை ராக்கர் கவர்களோடு ஹோஸ் போட்டு இணைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. ஹெட்டுக்குப் போன ஆயில் திரும்பி வருவது புஷ்ராட் குழாய்கள் வழியாக மட்டுமே. ராக்கர் கவரில் வாயுவுக்கு வாசல் திறந்தால், கேஸிலிருந்து அதே குழாய்களில் வாயு மேலேறப் பார்க்கும், இறங்கும் ஆயிலுக்கு எதிர்க்காற்று அடிக்கும். வளைவில் வேகமாகத் திரும்பினால் ஒரு பக்க ராக்கர் கவரில் தேங்கும் ஆயில் ஹோஸில் ஏறிவிடும். அழுத்தம் இரு பக்கமும் சமமாவதால் ஆயில் சுலபமாக இறங்கும் என்று எதிர்வாதம் உண்டு. புஷ்ராட் குழாய்கள் எப்போதும் திறந்தே இருப்பதால் அந்தச் சமநிலை எந்த ஹோஸும் இல்லாமலேயே அங்கே இருக்கிறது. இந்த எஞ்சின் மொத்தம் இரண்டரை லிட்டர் ஆயிலில் ஓடுகிறது, அந்த ஆயில்தான் பாதிக் குளிரூட்டியும். அதில் அரை லிட்டரை ராக்கர் கவரிலும் பெட்டியிலும் நிறுத்திவைப்பது துணிச்சலான வேலை. எப்படியானாலும், பெட்டியின் வாய் வெளியே திறக்கக் கூடாது, ஏர் கிளீனருக்குத் திரும்ப வேண்டும்.

காற்றால் குளிரும் எஞ்சின்களில் இந்தப் பிரச்சினையை மிக அழகாகத் தீர்த்தது எது என்று கேட்டால், நான் சித்ரோவென் 2சிவியைச் சொல்வேன். அதில் எதிரெதிரே இரண்டே சிலிண்டர். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக உள்ளே வரும், ஒன்றாக வெளியே போகும். 602 சி.சி. எஞ்சினில் ஒவ்வொரு சுற்றிலும் 602 சி.சி. இடம் சுருங்கி விரிகிறது, கிராங்க்கேஸ் முழுவதும் ஒரு துருத்தி. ஆயில் ஊற்றும் குழாயின் பிரீதரில் ரப்பர் நாக்கு வால்வு ஒன்றைப் பொறியாளர்கள் வைத்தார்கள். வாயு வெளியே போகலாம், திரும்ப வர முடியாது. சுற்றுக்குச் சுற்று வாயு வெளியேறி உள்ளே நிரந்தரமான தாழ்வழுத்தம் நிலைக்கிறது. அங்கே அந்தத் தாழ்வழுத்தம்தான் ஆயில் கசிவைத் தடுக்கும் ஆயுதம், ரப்பர் நாக்கு விரிசல் விட்டால் மறுநாளே சீல்களில் ஆயில் எட்டிப் பார்க்கும். இதில் மயங்கி பீட்டிலிலும் ஒருவழி ரப்பர் வால்வு போடுகிறவர்கள் உண்டு. நான்கு சிலிண்டரின் அசைவு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் இங்கே தள்ளும் துருத்தியே இல்லை, வால்வுக்கு வேலையும் இல்லை. சித்ரோவெனின் தீர்வு பீட்டிலினுடையதைவிட மேலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன், கடன் வாங்க முடியாத மேன்மை அது.

பீட்டிலின் கம்பெனி ஏற்பாட்டுக்குக் குறை இல்லாமலில்லை, அதை மறைப்பது திறனாய்வாகாது. உள்ளே வர வழி இல்லாமல் வெளியே போக மட்டும் வழி என்பது அழுத்தத்தைத் தணிக்கும், கிராங்க்கேஸைத் துடைத்துக் கழுவாது. குளிர்காலத்தில் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துகிற காரில் ஆயில் மூடியைத் திறந்தால், குழாயின் உட்சுவரில் வெளிர் மஞ்சளாக, வெண்ணெய்போல ஒரு பசை அப்பியிருக்கும். தண்ணீரும் ஆயிலும் சேர்ந்து கடைந்த சரக்கு அது. ஆயில் ஊற்றும் குழாய் சூட்டிலிருந்து விலகி நிற்பதால் நீராவி முதலில் படிவது அங்கேதான். ஃபோக்ஸ்வாகன்காரர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. அந்தக் குழாயிலிருந்து கீழே ஒரு சிறு குழாய் இறங்கும், நுனியில் ரப்பரால் ஆன ஒரு தட்டை வாய். தண்ணீர் சேர்ந்து பாரம் ஏறினால் வாய் திறந்து சொட்டும், மற்ற நேரத்தில் மூடிக்கொள்ளும். ஐம்பது ஆண்டு ஆன கார்களில் இந்த ரப்பர் வாய் பெரும்பாலும் உதிர்ந்துபோயிருக்கும், அல்லது கல்லாய் இறுகியிருக்கும். விலை மிகக் குறைந்த இந்த உதிரி இல்லாத எஞ்சினில், ஏர் கிளீனரின் மென்மையான இழுவை கிராங்க்கேஸை எட்டாமல் திறந்த குழாயில் வெளிக்காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். ஹோஸ் வேலை செய்யவில்லை என்று புகார் சொல்கிறவர்கள் முதலில் குனிந்து இதைப் பார்க்க வேண்டும்.

ஆயில் ஆவி கார்புரேட்டர் வழியாக எரியறைக்குப் போனால் நாக்கிங் வரும் என்ற ஆட்சேபம் கொள்கையளவில் உண்மை. ஆயில் கலந்த காற்று பெட்ரோலின் ஆக்டேன் வலிமையைக் குறைக்கும். 7.5:1 என்ற அடக்கமான கம்ப்ரஷனில், ரிங் நன்றாக உள்ள எஞ்சினில், அந்த அளவு ஆவி தீங்கு செய்வதில்லை. கம்ப்ரஷனை ஏற்றிக் கட்டிய எஞ்சினில் இந்த ஆட்சேபத்துக்கு எடை கூடும், அங்கே ஹோஸின் நடுவில் ஒரு சிறிய ஆயில் பிரிப்பான் வைப்பதை ஆதரிப்பேன். த்ராட்டில் தட்டைச் சுற்றிப் படியும் பிசின் எரிச்சல்தான், சர்வீஸில் துடைத்தால் போகும்.

ஆக, கம்பெனி நிலையிலோ அதற்கு அருகிலோ உள்ள 1584 சி.சி. எஞ்சினுக்கு ஏர் கிளீனருக்குப் போகும் மூடிய ஹோஸே சரி, விரிசல் இல்லாமலும் கீழ்க்குழாயில் ரப்பர் வாயோடும் இருக்க வேண்டும் என்பது என் தீர்ப்பு. காற்றோட்டத்தில் அதற்குள்ள குறையை 3000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதும், வாரத்துக்கு ஒருமுறையாவது ஆயில் நன்றாகச் சூடேறும்வரை நீளமாக ஓட்டுவதும் ஈடுசெய்துவிடும். பி.சி.வி.யை இந்த எஞ்சினில் நிராகரிக்கிறேன். புல்லிக்கு சீல் போட்டு, கார்புரேட்டரை அதற்கென்றே ஜெட் மாற்றி அமைக்கத் தயாரானவருக்கு மட்டும் அதில் விதிவிலக்கு உண்டு. திறந்த ஃபில்டருக்கு விதிவிலக்கே கிடையாது.

இத்தனைக்குப் பிறகும் பின்பக்கம் ஆயில் கக்கினால், புதிய பிரீதர் வாங்கும் முன் ஒரு மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் மடித்து, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் ஓட்டையில் காற்றுப் புகாமல் பொருத்தி எஞ்சினை ஓட விடுங்கள். ஆக்ஸிலரேட்டரை மெல்ல ஏற்றும்போது இரு பக்கத் தண்ணீரும் சமமாகவோ, எஞ்சின் பக்கம் சற்று ஏறியோ நின்றால் ஹோஸ் தன் வேலையைச் செய்கிறது, கசிவுக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. எஞ்சின் பக்கத் தண்ணீரைக் கீழே தள்ளினால், ஹோஸில் அடைப்பு இருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள். அடைப்பு இல்லையென்றால் நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளக்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் விடை இருக்கும்: ரிங் தேய்ந்திருக்கும், செலவழிக்க வேண்டியது சிலிண்டர், பிஸ்டன் செட்டுக்கு.